பழைய நேரமா, புதிய நேரமா?

1996 ஒக்டோபர் 26ஆம் திகதி அதிகாலையில் கொழும்பில் ஓர் அரை மணித்தியாலம் இரண்டு தடவை கழிந்தது. பன்னிரண்டரை ஆனதும் கடிகாரத்தை மறுபடி பன்னிரண்டுக்குத் திருப்பிவிடும்படி அரசாங்கம் அறிவித்திருந்தது. அன்றிரவு 12.15க்கு ஒரு குழந்தை பிறந்திருந்தால் அது முதலாவது 12.15ஆ, இரண்டாவது 12.15ஆ என்பது பிரசவ அறையில் நின்றவர்களுக்கு மட்டுமே தெரியும். அதே ஆண்டு மே 25ஆம் திகதி நடந்தது இதற்கு நேர்மாறு. நள்ளிரவு பன்னிரண்டு அடித்த கையோடு மணி ஒன்று. இடைப்பட்ட ஒரு மணித்தியாலம் இலங்கையின் கடிகாரங்களில் வரவே இல்லை.

இந்தப் பழங்கதையை இப்போது தூசி தட்டுவதற்குக் காரணம் இருக்கிறது. 1996 மே முதல் 2006 ஏப்ரல் வரை, ஏறக்குறையப் பத்தாண்டுக் காலம், இலங்கையின் நேரம் இன்றிருக்கும் நேரமாக இருக்கவில்லை. அந்தப் பத்தாண்டில் பிறந்த பிள்ளைகளுக்குத்தான் இப்போது கலியாணம் பேசுகிறார்கள். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் குறிப்புகள் கைமாறுகின்றன. ஸ்காபரோவிலிருந்தும் ஹரோவிலிருந்தும் வட்ஸ்அப்பில் வந்து சேர்கின்றன. சாத்திரியார் பஞ்சாங்கத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு கையால் கணித்ததைக் கணனி நொடியில் அச்சிட்டுத் தருகிறது. அந்தக் கணனிக்கான நிரலையும் இப்போது இன்னொரு நிரலே எழுதத் தொடங்கிவிட்டது. சாதகம் கணிக்க ஒரு செயலி வேண்டும் என்று செயற்கை நுண்ணறிவுக் கருவியிடம் கேட்டால், ஒரு பிளேன்ரீ குடித்து முடிப்பதற்குள் செயலி தயார். அந்தச் செயலிக்கு 1996ஐத் தெரியுமா?

கொழும்பு தன் நேரத்தைப் பலமுறை மாற்றிக்கொண்ட ஊர். நகரம் இருப்பது ஏறத்தாழ 79 பாகை 51 கலை கிழக்கு நெடுங்கோட்டில். சூரியனை மட்டும் பார்த்து மணி வைத்தால் கிரீன்விச்சை விட 5 மணி 19 நிமிடம் 24 செக்கன் முந்தி நிற்கும். கோட்டையில் 1857இல் மணிக்கூட்டுக் கோபுரம் எழுந்த காலத்தில் (ஆளுநர் ஹென்றி வார்டின் மனைவி வடிவமைத்தது, பின்னாளில் அதன் உச்சியிலேயே வெளிச்சவீட்டு விளக்கையும் ஏற்றிவிட்டார்கள்) ஊருக்கு ஊர் தனி நேரம் என்பது உலக வழக்கம். மட்டக்களப்பில் சூரியன் கொழும்பை விட ஏழு நிமிடத்துக்கு மேல் முந்தி உச்சிக்கு வந்துவிடும். புகையிரதமும் தந்தியும் வந்த பிறகு அந்த ஏழு நிமிடம் ஒரு தொந்தரவானது.

1906இல் இந்தியாவைப் போலவே இலங்கையும் கிரீன்விச்சுக்கு ஐந்தரை மணித்தியாலம் முந்திய நேரத்தை ஏற்றுக்கொண்டது. முப்பத்தாறு ஆண்டுகள் அந்த எண்ணுக்கு எந்தக் குறையும் வரவில்லை. பிறகு யுத்தம் வந்தது. 1942 ஜனவரி 5ஆம் திகதி கடிகாரம் ஆறு மணித்தியாலத்துக்குத் தள்ளப்பட்டது. அதே ஆண்டு செப்டெம்பரில் ஆறரைக்கு. அந்த ஏப்ரலில், உயிர்த்த ஞாயிறன்று, யப்பானிய விமானங்கள் கொழும்பில் குண்டு போட்டபோது ஊரில் ஓடிக்கொண்டிருந்தது ஆறு மணித்தியால நேரம். 1945 ஒக்டோபரில்தான் பழையபடி ஐந்தரை.

ஐம்பது ஆண்டுகள் கழித்து மறுபடியும் கை வைத்தார்கள். 1996இல் மழை பொய்த்தது. மின்சாரத்துக்குப் பெரும்பாலும் நீர்த்தேக்கங்களையே நம்பியிருந்த நாடு மணிக்கணக்கான மின்வெட்டில் தவித்தது. மாலையில் விளக்கு எரியும் நேரத்தைக் குறைக்கலாம் என்று சந்திரிகா அரசாங்கம் கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் முன்தள்ளி ஆறரை ஆக்கியது. ஐந்து மாதத்தில் அரை மணித்தியாலத்தைத் திருப்பிக் கொடுத்தது. மீதி அரை மணித்தியாலம் பத்தாண்டு தங்கிவிட்டது. ஜனவரியில் சூரியன் எழும்ப ஏழு மணியாகும். பாடசாலை மணியோ ஏழரைக்கு. பிள்ளைகள் இருட்டில் வானில் ஏறினார்கள்.

2006 சித்திரைப் புத்தாண்டோடு அந்த அரை மணித்தியாலமும் திரும்பி வந்தது. ஏப்ரல் 15 அதிகாலை 12.30 மறுபடி 12.00 ஆனது. மாற்றத்தை எதிர்த்தவர்களில் ஒருவர் கொழும்பிலேயே வாழ்ந்துகொண்டிருந்த அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க். உலகத்தோடு பேச வேண்டிய காலத்தில் அரை மணித்தியாலக் கணக்கு வைத்திருப்பது தொல்லை என்பது அவர் கட்சி. கணனிகளைப் பொறுத்தவரை அவர் சொன்னது பொய்யில்லை. விண்டோஸின் பட்டியலில் ஸ்ரீ ஜயவர்த்தனபுர என்ற வரிக்கு எதிரே ஆறு மணித்தியாலம் என்றே எழுதியிருந்தது. புதுப்பித்தல் வந்து சேரும்வரை கொழும்பில் இருந்துகொண்டே சென்னை, கொல்கத்தா என்ற வரியைத் தெரிவதே சுலபமான வழி.

இவ்வளவும் அரசாங்கத்தின் நேரம். வன்னியின் கதை வேறு. 1996இன் மாற்றத்தை விடுதலைப் புலிகள் ஏற்கவேயில்லை. அவர்களுடைய கட்டுப்பாட்டுப் பகுதியில் கடிகாரங்கள் ஐந்தரையிலேயே ஓடின. 2002இல் போர்நிறுத்தம் வந்து ஏ-9 வீதி திறந்தபோது, ஓமந்தையைக் கடந்து வடக்கே போனவர்கள் கைக்கடிகாரத்தை அரை மணித்தியாலம் பின்னுக்குத் திருப்ப வேண்டியிருந்தது. முகமாலையைத் தாண்டி யாழ்ப்பாணத்துக்குள் நுழைந்ததும் மறுபடி முன்னுக்கு. ஒரே பாதையில் இரண்டு தடவை. பழைய நேரம், புதிய நேரம் என்று சனம் சாதாரணமாகப் பேசிக்கொண்டது. கிளிநொச்சி நகரத்தை 1996 செப்டெம்பரில் இராணுவம் பிடித்தது. 1998 செப்டெம்பரில் புலிகள் மீட்டார்கள். ஆக, அந்த ஒரு நகரத்தின் பெயரை மட்டும் சொன்னால் நேரம் தெரியாது. எந்த மாதம், அன்று அங்கே யாருடைய ஆட்சி என்பதும் தெரிய வேண்டும். வெள்ளவத்தையில் குறிப்பு எழுதும் ஒரு சாத்திரியார் வன்னியில் பிறந்த பிள்ளையின் தகப்பனிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: பழைய நேரமா, புதிய நேரமா?

கணனி உலகம் இவற்றையெல்லாம் எங்கே எழுதி வைத்திருக்கிறது? ஒரு சாதாரண எழுத்துக் கோப்பில். அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தில் வேலை செய்த ஆர்தர் டேவிட் ஓல்சன் 1980களில் தொடங்கி, பிறகு கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த போல் எகர்ட் பராமரித்து வரும் நேர வலயத் தரவுத்தொகுதி அது. லினக்ஸ், அன்ட்ரொய்ட், அப்பிள், ஜாவா எல்லாம் அதையே கேட்டு மணி சொல்கின்றன. ஆசியா என்ற கோப்பைத் திறந்தால் கொழும்புக்கு ஒன்பது வரிகள். 1880 வரைக்கும் 5.19.24, அடுத்து 1906 வரை, மொரட்டுவை நேரம் என்ற பெயரில், அதைவிட எட்டே எட்டு செக்கன் கூடிய 5.19.32, பிறகு ஐந்தரை, ஆறு, ஆறரை என்று 2006 வரை வந்து நிற்கிறது.

வரிகளை விடச் சுவையானவை அவற்றுக்கு மேலே இருக்கும் குறிப்புகள். ஒவ்வொரு மாற்றத்தையும் எந்தப் பத்திரிகை சொன்னது, யார் எழுதி அனுப்பினார், எது ஐயத்துக்குரியது என்று எல்லாம் பதிவாகியிருக்கிறது. நிலநடுக்க ஆய்வாளர் ஜோன் மில்ன், கொழும்பு 1898 மே 1 முதல் மதராஸ் நேரத்துக்கு மாறியது என்றும், அதற்கு முந்திய கொழும்பு நேரம் 5 மணி 4 நிமிடம் சொச்சம் என்றும் எழுதியிருக்கிறார். அந்த எண்ணைக் கோப்பு எடுத்துச் சொல்லிவிட்டு ஏற்க மறுக்கிறது. கொழும்பின் நெடுங்கோட்டோடு அது பொருந்தவில்லை என்பது காரணம். உண்மையில் அந்தக் கணக்குப்படி கொழும்பு மேற்கே நடுக்கடலில் இருக்க வேண்டும். புலிகள் பகுதி பற்றிய ராய்ட்டர் செய்தியும் அங்கே இருக்கிறது. அந்தப் பகுதிக்காரர்கள் இந்தியாவின் கொல்கத்தா வலயத்தைப் பயன்படுத்தலாம் என்று பராமரிப்பாளர் ஓர் ஆலோசனையும் எழுதி வைத்திருக்கிறார். வன்னியின் அரை மணித்தியாலம் உலகக் கணனிகளின் அடிவயிற்றில் ஒரு குறிப்பாகக் கிடக்கிறது என்பது நம்மில் பலருக்குத் தெரியாது.

கொழும்பின் 1880க்கும் 1906க்கும் ஆதாரம் என்ன என்று போனால் இன்னொரு வேடிக்கை. தோமஸ் ஷாங்க்ஸ் தொகுத்த உலக அட்லஸ். அது தயாரிக்கப்பட்டதே மேலைநாட்டுச் சோதிடர்களுக்காக. பிறந்த இடத்தில் பிறந்த அன்று மணி எப்படி ஓடியது என்பதில் சோதிடர்களைவிட அக்கறை கொண்டவர் யார்? அந்த அட்லஸின் உரிமை தனக்கே என்று சொல்லி, அஸ்ட்ரோலேப் என்ற அமெரிக்கச் சோதிட மென்பொருள் நிறுவனம் 2011 செப்டெம்பர் இறுதியில் ஓல்சன், எகர்ட் இருவர் மேலும் வழக்குப் போட்டது. தரவுத்தொகுதி சில நாட்கள் இணையத்திலிருந்து இறங்கியது. இணையப் பெயர்களை நிர்வகிக்கும் ஐகான் அமைப்பு ஒக்டோபரில் பொறுப்பெடுத்தது. 2012 பெப்ரவரியில் நிறுவனம் வழக்கைக் கைவிட்டது. உலகத்து விமான நிலையங்களும் வங்கிகளும் சோதிடர்களிடம் கடன் வாங்கிய கடிகாரத்தில்தான் பழைய திகதிகளைப் பார்க்கின்றன.

இனி, பிளேன்ரீ ஆறுவதற்குள் எழுதப்பட்ட நம் செயலிக்கு வருவோம். செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் பொதுவெளியில் கிடக்கும் நிரல்களைப் படித்துப் பழகியவை. அதிகம் பேர் எழுதியதையே தாமும் எழுதும் சாய்வு அவற்றுக்கு உண்டு. இலங்கை என்றால் ஐந்தரை என்று எழுதியவர்களே அதிகம். ஆகவே பிறந்த நேரத்திலிருந்து ஐந்தரை மணித்தியாலத்தைக் கழிக்கும் ஒரு வரி வந்து விழுந்தால் வியப்பில்லை. அந்த வரி இலக்கணச் சுத்தமானது. ஓடும். இன்றைய திகதிக்குச் சரியான விடையும் தரும். 1999ஆம் ஆண்டுத் திகதிக்கு அரை மணித்தியாலம் பிசகும். திரையில் ஒரு சிவப்பு எழுத்தும் வராது.

அரை மணித்தியாலம்தானே என்று கேட்கலாம். வானம் ஒரு நாளில் ஒரு சுற்று. பன்னிரண்டு இராசியில் ஒவ்வொன்றுக்கும் சராசரியாக இரண்டு மணித்தியாலம். அரை மணித்தியாலம் பிசகினால் நாலில் ஒரு சாதகத்தில் லக்கினமே மாறிப்போகும். 1996 மே முதல் ஒக்டோபர் வரை பிறந்தவர்களுக்குப் பிழை ஒரு மணித்தியாலம், ஆகவே இரண்டில் ஒன்று. நவாம்சத்தில் ஒரு பிரிவு பதின்மூன்று நிமிடம் சொச்சம் என்பதால் அங்கே தப்புவார் யாருமில்லை, எல்லாருடைய லக்கினமும் பிழை. சந்திரன் ஒரு நட்சத்திரத்தைக் கடக்க ஏறக்குறைய ஒரு நாள். சுக்கிர திசையில் பிறந்தவருக்கு இருபது வருடத் திசையில் அரை மணித்தியாலத்தின் பங்கு சுமார் ஐந்து மாதம். பிறகு வரும் திசைகள் எல்லாம் அந்த ஐந்து மாதத்தைச் சுமந்துகொண்டே போகும். சோதிடத்தை நம்பாதவருக்கும் இது வெறும் கணக்கு. வைத்தியசாலைப் பதிவு, தொலைபேசிப் பட்டியல், வழக்குச் சான்று என்று அந்தப் பத்தாண்டின் எந்த நேரத்தைக் கணனியில் ஏற்றினாலும் இதே பள்ளம் காத்திருக்கிறது.

இன்னொரு பள்ளம் இதைவிட விசித்திரமானது. பைதன் மொழியில் நெடுங்காலம் புழங்கிய நேர வலய நூலகம் ஒன்று உண்டு. அதை அவசரத்தில் தவறான இடத்தில் பொருத்தினால், கொழும்பு என்றதும் பட்டியலின் முதல் வரியை எடுத்துக்கொள்ளும். முதல் வரி 5 மணி 19 நிமிடம். இன்று காலை பம்பலப்பிட்டியில் பதிவான ஒரு பற்றுச்சீட்டுக்கு விக்டோரியா மகாராணி காலத்து நேரம் விழும். இந்தப் பிழையும் அதற்குத் திருத்தமும் இணையத்தில் பல ஆண்டுகளாகச் சேர்ந்தே கிடக்கின்றன. கருவி இரண்டையும் படித்திருக்கிறது; அவசரத்தில் எதை எழுதும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

சரி, கருவி கெட்டிக்காரத்தனமாகக் கொழும்பு வலயத்தை முறையாகவே பயன்படுத்துகிறது என்று வைத்துக்கொள்வோம். வெள்ளவத்தைப் பிள்ளையின் சாதகம் சரியாகிவிடும். கிளிநொச்சியில் 1999இல் பிறந்த பிள்ளையின் சாதகம் அப்போதுதான் பிழைக்கும்! ஐந்தரை என்று மொட்டையாக எழுதியிருந்தால் அந்தப் பிள்ளைக்குத் தற்செயலாகச் சரி வந்திருக்கும். பழைய நேரமா புதிய நேரமா என்ற கேள்விக்கான பெட்டி திரையில் இருக்க வேண்டும் என்று சொல்ல, அந்தக் கேள்வி தெரிந்த ஓர் ஆள் வேண்டும். தெரியாதவர் கேட்கமாட்டார், கேட்காததைக் கருவி பெரும்பாலும் தானாகத் தராது. செயலி சரியா என்று சோதிக்கும் நிரலையும் அதே கருவியிடம் எழுதச் சொன்னால், அதே நம்பிக்கையில் எழுதி, எல்லாம் சரி என்று பச்சை விளக்குக் காட்டும்.

மனிதர் இந்தப் பிழையை விடவில்லையா? தாராளமாக விட்டார்கள். பழைய விண்டோஸ் ஒரு நாட்டுக்கு ஒரு விதியைத்தான் நினைவில் வைத்திருந்தது. கடந்த காலத்துக்கும் அதையே பொருத்தியது. ஆனால் அந்தப் பிழைகளுக்குக் கைநாட்டு உண்டு. யார் எழுதினார், ஏன் அப்படி எழுதினார் என்று தேடிப் பிடித்துக் கேட்கலாம். யாருமே வாசிக்காத நிரலில் அந்த வசதி இல்லை. 2025 பெப்ரவரியில் செயற்கை நுண்ணறிவு ஆய்வாளர் அந்திரே கார்பதி 'வைப் கோடிங்' என்று பெயரிட்டது, நிரல் என்று ஒன்று இருப்பதையே மறந்துவிட்டு வேலை வாங்கும் முறையைத்தான். அவர் வார இறுதி விளையாட்டுச் செயலிகளுக்காகச் சொன்னார். சொன்னதில் அந்தப் பாதியைப் பலர் கேட்கவில்லை.

ஆய்வுகளும் இருக்கின்றன. நியூயோர்க் பல்கலைக்கழகத்தார் 2021இல் கோபைலட் கருவியிடம் 89 சூழல்களைக் கொடுத்து 1,689 நிரல்களை எழுதவைத்துப் பார்த்தார்கள். சுமார் 40 வீதத்தில் பாதுகாப்பு ஓட்டை இருந்தது. கருவிகள் அதன்பின் எவ்வளவோ தேறிவிட்டன என்பது உண்மை. 2025இல் மெட்டர் என்ற ஆய்வு அமைப்பு அனுபவசாலி நிரலாளர் 16 பேரிடம், அவர்கள் நன்கறிந்த நிரல்களிலேயே 246 வேலைகளைக் கொடுத்தது. செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்தியபோது வேலை முடிய 19 வீதம் கூடுதல் நேரம் எடுத்தது. அவர்களோ தாம் 20 வீதம் விரைவாக முடித்ததாக நம்பிக்கொண்டிருந்தார்கள். பதினாறு பேரை வைத்து உலகத்தைத் தீர்ப்புச் சொல்ல முடியாதுதான். ஆனாலும் தன் வேகத்தைத் தானே அளக்கத் தெரியாமல் போனது புதிய சிக்கல்.

கொழும்புக்கு இது தொலைதூரத்துச் செய்தி அல்ல. கடிகாரம் மாறிய அதே 1996இல்தான் மிலேனியம் ஐடி என்ற மென்பொருள் நிறுவனம் தொடங்கியது. வேர்ச்சுசாவும் அதே ஆண்டுக்காரன். மிலேனியம் ஐடியை 2009இல் லண்டன் பங்குச் சந்தை வாங்கியது. 2011இல் லண்டனின் பங்கு வணிகமே இலங்கையில் எழுதிய மென்பொருளுக்கு மாறியது. செக்கனைப் பத்து இலட்சமாகப் பிரித்து வாங்கல் விற்றல்களை வரிசைப்படுத்தும் வேலை அது. தன் நாட்டு அரை மணித்தியாலத்தை என்ன செய்வதென்று அரசாங்கம் தடுமாறிய காலத்தில், அதே நாட்டின் இளைஞர்கள் நேரத்தை அந்த நுணுக்கத்தில் கையாளப் பழகினார்கள். இளையவர் எழுதுவார், பிழைக்கும், மூத்தவர் இருத்தி வைத்துக் காட்டுவார். அப்படித்தான் எந்த நாட்டிலும் இந்தத் தொழில் கைமாறியது. இன்று காலி வீதி மாடிகளில் மடிக்கணனியோடு இருக்கும் பிள்ளைக்கு அந்த முதல் பிழைகளை விடும் வாய்ப்பையே கருவி எடுத்துக்கொள்கிறது. பத்து ஆண்டு கழித்து மூத்தவராக இருந்து திருத்தப்போவது யார் என்பதற்கு நிறுவனங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை.

வீட்டில் 1996க்கும் 2006க்கும் இடையில் பிறந்த பிள்ளை இருந்து, கணனிக் குறிப்பை நம்பிப் பொருத்தம் பார்ப்பவர்கள் ஒரு சின்னச் சோதனை செய்யலாம். செயலியில் 1999 ஜூலை 10, காலை 10.15, கொழும்பு என்று கொடுங்கள். கிரீன்விச் நேரம் 4.15 என்று வர வேண்டும். 1996 ஜூலை 10, அதே 10.15 கொடுத்தால் 3.45. அதே 1999 நாள், கிளிநொச்சியில் பழைய நேரம் என்றால் 4.45, அப்படித் தெரிவு செய்ய வழியே இல்லையென்றால் அந்தச் செயலி வன்னிப் பிள்ளைகளுக்கு உதவாது. கடைசியாக 1996 மே 25, அதிகாலை 12.30 என்று கொடுங்கள். அப்படி ஒரு நேரம் இருக்கவில்லை என்று அது மறுக்க வேண்டும். மறுக்காமல் லக்கினம், நவாம்சம், திசை இருப்பு எல்லாம் அழகாக அச்சிட்டுத் தந்தால், கொடுத்த காசைத் திருப்பிக் கேளுங்கள்.